ஓரிக்ஸுக்கு வேலி: காவலா, கண்ணியா?

வணக்கம் மக்களே. அரேபிய ஓரிக்ஸை (நீளக் கொம்பு வெச்ச பாலைவன மான் மாதிரி மிருகம்) அழிவுலேருந்து மீட்கிறதுல குட்டி போட வைக்கிறதுதான் கஷ்டம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அதெல்லாம் இல்லீங்க. தீவனமும் தண்ணியும் ஒழுங்கா குடுத்தா அடைப்புக்குள்ள தானா பெருகிடும். திறந்து விட்டப்புறம்தான் தலைவலியே.

காட்டுல கடைசி மந்தையை 1972-ல ஓமன்ல சுட்டுத் தீர்த்தாங்க. 1982 ஜனவரியில அதே ஓமன்ல, ஜித்தத் அல் ஹராசிஸ் சமவெளியில, வேலியே இல்லாம 10 ஓரிக்ஸ் விட்டாங்க. லாரியில கொண்டுவந்து அப்படியே இறக்கி விடல. முதல்ல ஒரு சதுர கிலோமீட்டர் அடைப்பு. யாருக்கு யார் அடங்குறதுன்னு முட்டி மோதி முடிவாகி, ஒரே மந்தையா சேர்ற வரைக்கும் உள்ளயே. இதை விட்டுட்டா ஆளுக்கொரு திக்குல சிதறிடும். காவலுக்கு ஹராசிஸ் பழங்குடி ஆட்கள். 1996 வாக்குல எண்ணிக்கை 400-ஐத் தொட்டுச்சு.

அந்த வருஷமே திருட்டு ஆரம்பம். கறிக்கு இல்ல, உயிரோட புடிச்சு விக்க. வண்டியில துரத்தினா உடம்பு கொதிச்சு, தசை சிதைஞ்சு, புடிச்சப்புறமும் செத்துப்போகும். எண்ணெய் தேடுறதுக்காக அங்க இருந்த ஓரிக்ஸ் சரணாலயத்தையும் 90 சதவீதம் சுருக்கினாங்க. 2007-ல அதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்லேருந்தே தூக்கிட்டாங்க. அப்ப மிச்சம் சுமார் 65.

"வேலி போட்டுடலாமே?" சவுதியில மஹாசத் அஸ் ஸய்த் சரணாலயத்துல அதான் பண்ணாங்க. 2,244 சதுர கிலோமீட்டர், சுத்தி வேலி, 1990-லேருந்து ஓரிக்ஸ். ஆனா பாலைவன மழை திட்டுத்திட்டா பெய்யும். ஓரிக்ஸ் அந்தத் திக்கு பாத்து நாள்கணக்கா நடக்கும். இங்க நடந்தா கம்பி. 1999-லேருந்து வந்த வறட்சிகள்ல நூத்துக்கணக்குல செத்துச்சு. தண்ணி குடிக்காமலே பல வாரம் தாங்குற மிருகம்தான், ஆனா அந்த ஈரம் புல்லுலேருந்துதான் வரணும்.

அதனால வேலி போட்டா கணக்கும் போடணும். மழைக்காலம் முடிஞ்சதும் புல்லைப் பாத்து, அது தாங்காத எண்ணிக்கையை வெயிலுக்கு முன்னாடியே வேற இடத்துக்கு மாத்தணும். பெட்டியில ஏத்தி மாத்தும்போது கொம்பு நுனியில குழாய்த் துண்டு செருகணும். இல்லன்னா பெட்டிக்குள்ள ஒண்ணையொண்ணு குத்திக் கிழிச்சிடும். கோடையில தீவனம் போடுறதா இருந்தா, ஒரே தொட்டி வைக்காதீங்க. பலசாலி கெடா மறிச்சு நிக்கும், மத்ததுங்க பட்டினி. தள்ளித்தள்ளி நாலஞ்சு தொட்டி, நிழல் பக்கமா.