கொழுப்பு சும்மா கிடப்பதில்லை

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

எடை கூடினால் பிரஷர் ஏன் கூடுகிறது? ‘உடம்பு பெருத்தால் இதயத்துக்கு வேலை அதிகம்’ என்பார்கள். பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதைதான். மீதி, ஹார்மோன்களின் கதை.

1898-இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டார்கள். கல்லீரல் சுரக்கும் ஆஞ்சியோடென்சினோஜென் என்ற புரதத்தை ரெனின் வெட்டுகிறது. வெட்டிய துண்டு, முக்கியமாக நுரையீரலில், மறுபடி வெட்டுப்பட்டு ஆஞ்சியோடென்சின்-2 ஆகிறது. ரத்தக் குழாயை இறுக்குவது இதுதான். அட்ரினல் சுரப்பியிலிருந்து அல்டோஸ்டிரோனை வரவழைப்பதும் இதுதான். அல்டோஸ்டிரோன் வந்தால் சோடியம் சிறுநீரில் போகாது, சோடியம் தங்கினால் தண்ணீரும் தங்கும், அழுத்தம் ஏறும்.

இதில் கொழுப்புக்கு என்ன வேலை என்கிறீர்களா? அதே ஆஞ்சியோடென்சினோஜெனைக் கொழுப்புத் திசுவும் தயாரிக்கிறது! கொழுப்பை வெறும் சேமிப்பு என்று நினைத்திருந்தோம்; அதுவே ஒரு சுரப்பி.

1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டறிந்த லெப்டினும் கொழுப்பில் சுரப்பதுதான். பசியை அடக்க வேண்டிய ஹார்மோன் இது. பருமனானவர்களின் ரத்தத்தில் நிறையவே இருக்கும்; பசிதான் அதன் பேச்சைக் கேட்காது. ஆனால் இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் தாமாகவே இயக்கும் பரிவு நரம்புகள் கேட்கின்றன; முடுக்கிவிடப்பட்டு அழுத்தத்தை ஏற்றுகின்றன. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத சிலர் மிகவும் பருமனாக இருந்தும், அவர்களுக்கு ரத்த அழுத்தம் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. எடை ஒன்றே காரணமென்றால் அவர்களுக்கும் ஏறியிருக்க வேண்டுமே! எனக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

உப்பை வெளியேற்றச் சொல்லி இதயம் சுரக்கும் ஹார்மோனும் பருமனானவர்களிடம் குறைவு. சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு அதை அழுத்துவது வேறு.

ஆகவே, ‘வாயைக் கட்டினால் போதும், மாத்திரை எதற்கு’ என்று யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். அந்த மாத்திரைகளில் பல, நான் சொன்ன ரெனின் சங்கிலியைத்தான் அறுக்கின்றன. எடை குறைப்பதும் வீண்போகாது: 1 கிலோ குறைந்தால் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 1 புள்ளி இறங்குகிறது.

இன்னொன்று. பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றி அளந்தால், அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அடுத்த முறை அளக்கும்போது, கைக்கேற்ற பெரிய பட்டையைக் கேட்டு வாங்குங்கள். தயங்காதீர்கள்.