ஈரம் காயாத தாள்

உதகை வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். கோத்தகிரியை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்து, இருபது ஆண்டுகளாகச் சென்னையில் வாடகை வீட்டில் ஓவியம் வரைந்து வாழ்பவள் நான்.

நீர்வண்ணம் பழகியவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். மலையில், மழைக்காலத்தில், தாளில் பூசிய வண்ணம் எளிதில் காயாது. ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும் மலைமுகடுகளை அந்த ஈரத்திலேயே கலக்கவிட்டு வரையலாம். சென்னையின் சித்திரை வெயிலிலோ, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை தாளில் சொட்டாதபடி நெற்றியில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும், இரண்டாவது தீற்றலுக்குள் முதல் தீற்றல் காய்ந்து விளிம்பு கட்டிவிடுகிறது. தொலைவு என்பதும் அங்கே இல்லை. சன்னலைத் திறந்தால் எட்டடிக்கு அப்பால் அடுத்த வீட்டுச் சுவர். முதல் இரண்டு ஆண்டுகள் நான் உருப்படியாக எதுவும் வரையவில்லை.

பிறகு, கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடும் மின்சார ரயிலில், மடியில் சிறு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு எதிரே இருப்பவர்களின் கைகளை வரையத் தொடங்கினேன். முகத்தை வரைந்தால் கூச்சப்படுவார்கள். கைகளைப் பார்ப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கூடையை அணைத்த கை, கம்பியைப் பிடித்தபடியே உறங்குபவரின் கை, பல்லாவரம் வருவதற்குள் இரண்டு முழம் மல்லிகை தொடுத்துவிடும் கை. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்து, 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையின் முன்னும் பல மாலைகள் நின்று, பாறையை நெம்பும் அந்த நால்வரின் தோள்களைப் பயின்றேன்.

இடம்தான் நகரத்துக் கலைஞர்களின் தீராத கவலை. உளியோசை பொறுக்காத அக்கம்பக்கத்தாரால் மூன்று வீடு மாறிய சிற்பி ஒருவர் எனக்குத் தோழி. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் உடனிருந்த கலைஞர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை உருவாக்கியபோது, பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் செலவைத் தாங்கினார்கள் என்பதை நினைக்குந்தோறும் என் நெஞ்சு நெகிழ்கிறது.

என் பள்ளி நாள் ஓவியங்களை அம்மா டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். சென்ற வாரம் ஊருக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். பச்சைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லோரும் சிவப்பும் மஞ்சளுமான புள்ளிகளாகவே இருந்தார்கள். அவற்றுள் ஒரு புள்ளி என் அம்மா. ஆண்டுக்கணக்காகக் கிள்ளிக் கிள்ளிக் கறையேறி வெடித்துப்போன அந்த விரல்களை அன்று நான் பார்க்கவே இல்லை. இன்று காலை அவரை வாசலில் உட்காரவைத்து, அந்தக் கைகளை வரையத் தொடங்கினேன். இந்த நிலையத்துக்கு நான் கிளம்பும்போது, மூடுபனியில் தாள் இன்னும் ஈரமாகவே இருந்தது.