விக்கை ஏன் கொன்றான் ஓஸ்? 'த பெங்குவின்' ரசிகர்கள் இன்னும் விடாத சண்டை

[திரை: இரவு. தண்ணீர் ஓரமாக ஒரு காலி பெஞ்ச். இசை வேண்டாம்.]

வணக்கம். 'த பெங்குவின்' தொடரின் 8 எபிசோடையும் பார்த்து முடித்தவர்களுக்கான வீடியோ இது. இன்னும் பார்க்கவில்லை என்றால் தயவுசெய்து இங்கேயே நிறுத்திவிடுங்கள். நான் பேசப்போவதே கடைசி எபிசோடைப் பற்றித்தான், அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பாதி வலி போய்விடும், அந்த வலி இந்தத் தொடருக்கு ரொம்ப முக்கியம்.

சரி, இருக்கிறவர்கள் எல்லாம் பார்த்தவர்கள்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

2024 செப்டம்பர் 19-ல் எச்பிஓவில் தொடங்கி நவம்பர் 10-ல் முடிந்த தொடர். முடிந்த அன்று ராத்திரியிலிருந்து ரசிகர்களுக்குள் ஒரே சண்டை. பேட்மேனின் எதிரி பெங்குவின், அதாவது இந்தத் தொடரின் ஓஸ், தன் கூடவே இருந்த அடியாள் பையன் விக்டரைக் கொன்றிருக்க வேண்டுமா? ஒரு பக்கம், அது வெறும் அதிர்ச்சிக்காக வைத்த காட்சி, அவ்வளவு விசுவாசமாக இருந்த பையனைக் கொல்ல ஓஸுக்கு ஒரு காரணமும் இல்லை என்கிறார்கள். இன்னொரு பக்கம், அது இல்லாவிட்டால் தொடரே இல்லை என்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சிக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, ஏனென்றால் முதல் தடவை பார்த்தபோது நானும் அங்கேதான் நின்றேன், அந்தக் காட்சி முடிந்ததும் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன், மிச்சத்தை மறுநாள்தான் பார்க்க முடிந்தது. இரண்டாவது தடவை முதல் எபிசோடிலிருந்து பார்த்தபோதுதான் மனசு மாறியது. ஏன் மாறியது என்று சொல்கிறேன்.

[திரை: ஊதா நிறக் கார், கழற்றப்படும் சக்கரம்.]

விக் நமக்கு எப்படி அறிமுகமாகிறான் என்று நினைவிருக்கிறதா? ஓஸின் ஊதா நிற மசராட்டி காரில் சக்கரத்தைக் கழற்றித் திருடப் பார்க்கிற பையன்களில் ஒருவன். மற்றவர்கள் ஓடிவிடுகிறார்கள், இவன் மாட்டிக்கொள்கிறான். விக்டர் அகிலார், கிரவுன் பாயின்ட் பையன். அது பேட்மேனின் ஊரான காத்தமின் ஏழைப் பேட்டை. 2022-ல் வந்த 'த பேட்மேன்' படத்தின் முடிவில் வில்லன் ரிட்லர் கடல் தடுப்புச் சுவரைக் குண்டு வைத்துத் தகர்ப்பான் இல்லையா, அந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போன இடங்களில் ஒன்று. தொடரின் கதை தொடங்குவது அதற்கு ஒரு வாரம் கழித்து. விக்கின் அப்பா, அம்மா, தங்கை எல்லோரும் அந்தத் தண்ணீரில் போய்விட்டார்கள். பேச்சு திக்கும். யாரும் இல்லை.

அவனைப் பிடித்த நேரத்தில் ஓஸின் கையில் ஒரு பிணம் இருக்கிறது. தன் முதலாளி குடும்பத்துப் பையன் ஆல்பர்ட்டோ ஃபால்கோனை அப்போதுதான் சுட்டிருக்கிறான். எதற்காகச் சுட்டான் என்பதைக் கவனிக்க வேண்டும். பேட்டையில் எல்லோரும் கொண்டாடிய ரெக்ஸ் கலபிரேஸே என்கிற பழைய தாதாவைப் பற்றி ஓஸ் மனம் திறந்து பேசுகிறான், அப்படி ஒருநாள் நம்மையும் மக்கள் நேசிக்க வேண்டும் என்கிற ஆசையோடு. ஆல்பர்ட்டோ சிரித்துவிடுகிறான். அவ்வளவுதான், துப்பாக்கி வெடித்துவிட்டது. திட்டமும் இல்லை, லாபமும் இல்லை. தன் மனசுக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டவனை ஓஸ் உயிரோடு விடமாட்டான் என்பது முதல் எபிசோடிலேயே நம் கண் முன்னால் நடந்துவிட்டது, நாம்தான் அதை மறந்துவிட்டோம்.

ஏன் மறந்தோம்? காலின் ஃபாரெல் பெரிய காரணம். தினமும் சுமார் 3 மணி நேரம் உட்கார்ந்து அந்த முகத்தைப் போட்டுக்கொண்டு நடித்திருக்கிறார். மைக் மரீனோவின் மேக்கப். இவ்வளவு ரப்பருக்கு அடியிலிருந்து ஒரு மனிதன் எப்படி இத்தனை சுலபமாக நம்மைச் சிரிக்க வைக்கிறான் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் விக். மூன்றாவது எபிசோடில் ஓஸ் அவனைப் பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போகிறான். விக் திக்கித் திக்கி ஆர்டர் சொல்கிறான், வெயிட்டருக்குப் பொறுமை இல்லை, குறுக்கே வருகிறார், ஓஸ் அவரை அதட்டிப் பையன் சொல்லி முடிக்கட்டும் என்கிறான். காலில் பிறவிக் குறையோடு, நொண்டி நொண்டி நடந்து வளர்ந்த ஒருவன், வாய் திக்குகிற பையனுக்காக நிற்கிறான். அந்த இடத்தில் நாம் எல்லோரும் ஓஸின் ஆள் ஆகிவிட்டோம். விக்கும் ஆகிவிட்டான். அதே எபிசோடில், தன்னோடு கலிஃபோர்னியாவுக்கு வரச் சொன்ன காதலி கிராசியேலாவை பஸ்ஸில் தனியாக அனுப்பிவிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு வந்து எதிரிகளின் நடுவில் மோதி ஓஸைக் காப்பாற்றுகிறான். அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

இப்போது காமிக்ஸ் பக்கம் கொஞ்சம் போய்வரலாம், ஏனென்றால் என் வாதமே அங்கிருந்துதான் வருகிறது.

[திரை: பழைய காமிக்ஸ் அட்டையின் பாணியில் வரைந்த தொப்பி, குடை, ஒற்றைக் கண்ணாடி.]

பேட்மேன் முதலில் வந்தது 1939-ல். பெங்குவின் 1941-ல், 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 58-ஆவது இதழில். உயரத் தொப்பி, ஒற்றைக் கண்ணாடி, குடைக்குள் ஆயுதம். முழுப் பெயர் ஆஸ்வால்ட் செஸ்டர்ஃபீல்ட் காபிள்பாட், கேட்டாலே பழைய பணக்கார வீட்டு வாசனை அடிக்கிற பெயர். தொடரை உருவாக்கிய லாரன் லஃப்ராங்க் அதை ஓஸ் காப் என்று வெட்டிவிட்டார், தொப்பியும் குடையும் போய்ப் பேட்டைக்காரன் ஒருவன் மிஞ்சினான். இதெல்லாம் எல்லோரும் பேசுகிற மாற்றம். யாரும் அதிகம் பேசாத மாற்றம் ஒன்று இருக்கிறது: அடியாள்.

பேட்மேன் கதைகளில் எத்தனை அடியாட்களைப் பார்த்திருக்கிறோம்! வில்லனுக்குப் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். பேட்மேன் கூரையிலிருந்து குதித்து நாலு பேரையும் அடித்துப் போடுவார், அல்லது வில்லனே கோபத்தில் ஒருவனைக் கொன்றுவிடுவான், வில்லன் எவ்வளவு மோசமானவன் என்று காட்ட அது ஒரே ஒரு படக் கட்டம். அந்த ஆளுக்குப் பெயர் இருக்காது. எந்த வீதியிலிருந்து வந்தான், ஏன் இந்த வேலைக்கு வந்தான், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள், எதுவும் இருக்காது. ஜோக்கர் தன் ஆளைச் சுட்டால் நாம் ஜோக்கரைப் பற்றித்தான் பேசுவோம், சுடப்பட்டவனைப் பற்றிப் பேசமாட்டோம்.

இந்தத் தொடர் அந்த ஒரு கட்டத்துக்குள் இருக்கிற ஆளை எடுத்து, அவனுக்குப் பெயர் கொடுத்து, திக்குகிற பேச்சு கொடுத்து, ஒரு காதல் கொடுத்து, 8 எபிசோட் முழுக்க நம்மோடு நடக்கவிட்டது. அப்புறம் வில்லன் வழக்கமாகச் செய்வதைச் செய்தான். அந்தச் சாவு நம்மை ஏன் இப்படி அடித்தது என்றால் இதுவரை நாம் அப்படிப்பட்டவனைப் பின்னால் நிற்கிற நாலு பேரில் ஒருவனாகத்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம்.

[திரை: மழை. இரும்பு மூடி ஒன்று சாத்தப்படுகிறது.]

ஆனால் ஓஸ் ஏன் செய்தான்? இதற்குப் பதில் 7-ஆவது எபிசோடில் இருக்கிறது. சின்ன ஓஸ், அண்ணன் ஜாக், தம்பி பென்னி. டார்ச் வெளிச்சத்தை வைத்து விளையாடிக்கொண்டே மழைநீர் வடியும் நிலத்தடிச் சுரங்கத்துக்குப் போகிறார்கள். மற்ற இருவரும் ஏணியில் கீழே இறங்கிவிடுகிறார்கள். ஓஸுக்குக் கால் அப்படி, அவனால் இறங்க முடியாது. கோபத்தில் மேலே மூடியைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறான். இதுவரைக்கும் ஒரு சிறுவனின் கோபம் என்று சொல்லலாம். அதற்கப்புறம் வருகிற காட்சியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அம்மாவோடு உட்கார்ந்து டிவியில் பழைய நடனப் படம் பார்க்கிறான். வெளியே மழை கொட்டுகிறது. தண்ணீர் எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். எழுந்து போய் மூடியைத் திறக்க நேரமும் இருக்கிறது. எழுந்திருக்கவில்லை, அம்மா இன்றைக்கு அவனுக்கு மட்டும்தான்.

விக்கின் காட்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி எபிசோடில் ஆல்பர்ட்டோவின் சகோதரி சோஃபியா, ஓஸின் அம்மா ஃபிரான்சிஸைப் பிடித்து வைத்துக்கொண்டு, அண்ணன் தம்பி செத்த உண்மையைச் சொல், இல்லாவிட்டால் அவள் விரலை வெட்டுவேன் என்கிறாள். எதிரில் அம்மா. ஒரே ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டால் போதும். ஓஸ் அப்போதும் ஒத்துக்கொள்ளமாட்டான். ஆனால் ஒன்றைக் கற்றுக்கொள்கிறான்: தான் யாரை நேசிக்கிறோமோ அந்த இடத்தில்தான் எதிரி கத்தியை வைப்பான். அம்மாவும் கடைசியில் நினைவு தப்பிப் படுத்துவிடுகிறாள். இனிமேல் அவன் நேசிக்கிற ஆள் உலகத்தில் யார் மிச்சம்?

விக்தான் மிச்சம். அந்த நேரத்தில் விக் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறான் தெரியுமா? மற்ற கும்பல்களில் இரண்டாவது இடத்தில் இருக்கிறவர்களிடம் பேசி, அவரவர் முதலாளிக்கு எதிராகத் திருப்பியிருக்கிறான். ஓஸுக்குக் கிடைத்த மொத்த வெற்றியும் இந்தப் பையன் வாங்கிக் கொடுத்தது. 'அவனால் ஓஸுக்கு ஆபத்து இல்லையே' என்று முதல் கட்சிக்காரர்கள் கேட்கிறார்களே, சரியான கேள்விதான். விக் துரோகம் செய்யமாட்டான் என்பது ஓஸுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, நீ எனக்குக் குடும்பம் மாதிரி என்று விக் சொல்கிறான். அந்த வார்த்தைதான் அவனைக் கொன்றது. துப்பாக்கி எடுக்கவில்லை, கையாலேயே கழுத்தை நெரிக்கிறான், சீக்கிரம் முடியவும் இல்லை, கேமராவும் நகர்ந்து நமக்கு உதவி செய்யவில்லை.

அப்புறம் ஓஸ் செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது, முதல் தடவை பார்க்கும்போது அழுகையில் தப்பிவிடும். விக்கின் பர்ஸை எடுக்கிறான். பணத்தை வைத்துக்கொள்கிறான். அடையாள அட்டையைத் தண்ணீரில் எறிகிறான்.

அந்தப் பையன் யார் என்று இனி யாருக்கும் தெரியாது. தேடி வர குடும்பம் இல்லை, வெள்ளத்தில் போய்விட்டது. கிராசியேலா கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். காலையில் யாரோ ஒரு பிணத்தைப் பார்ப்பார்கள், கிரவுன் பாயின்டில் இன்னொரு பையன், அவ்வளவுதான். 8 எபிசோட் கஷ்டப்பட்டுக் கொடுத்த பெயரை ஓஸ் ஒரு வீச்சில் பிடுங்கி, அவனை மறுபடியும் பெயரில்லாத அடியாள் ஆக்கிவிட்டான். காமிக்ஸை இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டு எழுதிய ஒரு நொடியை நான் இந்த வகைத் தொடர்களில் வேறெங்கும் பார்த்ததில்லை.

[திரை: மஞ்சள் கவுனின் ஓரம், மெழுகுவர்த்தி, நீண்ட சாப்பாட்டு மேசை.]

இதோடு சோஃபியாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோஃபியாவாக நடித்த கிரிஸ்டின் மிலியோட்டிக்கு 2025-ல் எம்மி விருது கிடைத்தது, அதைப் பற்றி ரசிகர்களுக்குள் சண்டையே இல்லை. சண்டை இருப்பது காமிக்ஸை மாற்றியதைப் பற்றி. 'டார்க் விக்டரி' காமிக்ஸில் ஹாங்மேன் என்கிற கொலைகாரி சோஃபியாவேதான். தொடரில் அப்பா கார்மைன் ஃபால்கோன் செய்த கொலைகளை அவள் தலையில் கட்டி, 10 வருடம் ஆர்க்கம் மனநல மருத்துவமனையில் அடைத்துவிடுகிறார். மூலத்தை மாற்றிவிட்டார்கள் என்று சிலருக்கு வருத்தம். எனக்கு இல்லை. 4-ஆவது எபிசோடில், தன்னைக் கைவிட்ட மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருக்கிற அந்த விருந்தில் மஞ்சள் கவுனோடு எழுந்து நின்று அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். செத்துப்போன பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். மேசையைச் சுற்றி இருக்கிறவர்கள் கேட்கவே விரும்பாத பெயர்கள். அன்று ராத்திரியே அந்தக் குடும்பத்தை விஷவாயுவால் கொல்லப்போகிறவளும் அவள்தான், அவள் நல்லவள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் செத்தவர்களுக்குப் பெயர் இருந்தது என்று சொல்கிற ஆள் அவள், செத்தவனின் பெயரைத் தண்ணீரில் எறிகிற ஆள் ஓஸ். இருவருக்கும் நடுவில் நடந்த சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

பேட்மேன் ஏன் வரவில்லை என்கிற கேள்வியை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். கடைசியில் வானத்தில் பேட்மேனை அழைக்கிற அந்த வெளிச்சம் மட்டும் தெரிகிறது, எனக்கு அதுவே போதும். அவர் வந்திருந்தால் நம் கண் அவர் பக்கம் போயிருக்கும், விக்கை மறுபடியும் பின்னால் நிற்கிற நாலு பேரில் ஒருவனாகத்தான் பார்த்திருப்போம்.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்க ஆசை. ஓஸ் அவனைக் கொல்லப்போகிறான் என்று உங்களுக்கு எந்த இடத்தில் தெரிந்தது? சிலர் பெஞ்சில் உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது என்கிறார்கள், சிலர் 7-ஆவது எபிசோட் மழையிலேயே என்கிறார்கள். எனக்கு, ஓஸின் கை விக்கின் கழுத்தைச் சுற்றி வந்தபோதுகூட அது கட்டிப்பிடிப்பதற்கு என்றுதான் தோன்றியது. விக்குக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

[திரை: மிதந்து போகும் அட்டை. கருப்பு.]