முதல் ‘வேண்டாம்’ போதாதா?

நடுவர் அவர்களே, வணக்கம். ‘நண்பர்களின் வற்புறுத்தலை முறியடிக்கும் பொறுப்பு மறுப்பவருக்கா, சூழ்ந்திருப்பவர்களுக்கா?’ என்பது தலைப்பு. சூழ்ந்திருப்பவர்களுக்கே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, “முதுகெலும்பு இருக்கிறவனை யார் என்ன செய்துவிட முடியும்?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். முதலில் தட்டியது முன்வரிசையில் நாலு பேர். பிறகுதான் அரங்கமே தட்டியது. பின்னால் சேர்ந்துகொண்டவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கருத்து உண்மையிலேயே உடன்பாடு என்று நான் கேட்கப்போவதில்லை!

அந்த முதுகெலும்பை ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள், நடுவர் அவர்களே. 1950-களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் செய்த சோதனை அது. ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டுக்குச் சமமானது எது? அவ்வளவுதான் கேள்வி. தனியாக விடை சொன்னவர்கள் தவறியது மிக அபூர்வம். பிறகு ஒருவரை ஒரு கூட்டத்தோடு உட்காரவைத்துக் கேட்டார்கள். ஆனால் அறையில் மற்ற அனைவரும், அவருக்குத் தெரியாமல், முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்ட ஆட்கள். 18 சுற்றுகளில் 12-இல் அவர்கள் ஒரே குரலில் தவறான கோட்டைக் காட்டினார்கள். அந்தச் சுற்றுகளில், சோதிக்கப்பட்டவர்கள் சொன்ன விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை கூட்டத்தின் பக்கம் சாய்ந்தன. நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கண்ணால் கண்டதைக் கைவிட்டார்கள். யாரும் மிரட்டவில்லை, கிண்டல் செய்யவில்லை. அங்கேயே இப்படி என்றால், நாளைக்கும் அதே முகங்களோடு உட்கார வேண்டிய நண்பர் கூட்டத்தில் ஒருவரிடம் “நெஞ்சை நிமிர்த்து” என்று மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமா?

சோதனையின் அடுத்த பகுதிதான் என் அணியின் சாட்சி. ஆஷ் அந்தக் கூட்டத்தில் ஒரே ஓர் ஆளைச் சரியான விடை சொல்ல வைத்தார். பிழைகள் கால்பங்காகக் குறைந்துபோயின. மறுப்பவரின் துணிச்சலை யாரும் கூட்டவில்லை. பக்கத்தில் ஒரு குரல் கூடியது, அவ்வளவே. அந்தத் துணை ஆள் பாதியில் கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்தபோது பிழைகள் பழையபடி ஏறின. ஆனால் அவர் ஏதோ வேலை இருப்பதாக எழுந்து போனபோது அந்த அளவுக்கு ஏறவில்லை. ஆகவே துணை நிற்பவர் கடைசிவரை இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பல்டி அடிக்காமல் இருந்தால் போதும்.

சரி, துணை நிற்பது எப்படி? இதில்தான் நல்லெண்ணம் உள்ளவர்களும் சொதப்புகிறார்கள். ஒருவர் ‘வேண்டாம்’ என்றதும், “ஏய், அவனை விடுங்கடா! அவனுக்கென்று ஒரு கொள்கை இருக்கு!” என்று எழுந்து உரையாற்றுவார்கள். எல்லாக் கண்களும் அவன்மேல் திரும்பிவிடும். பாவம், ஒதுங்கப் பார்த்தவனை மேடையில் ஏற்றியாயிற்று. “எனக்கும் இன்னைக்கு வேண்டாம்ப்பா” என்ற ஒற்றை வரி போதும். அதையும் உடனே சொல்ல வேண்டும். இரண்டாவது ஆள் “சும்மா வாடா” என்று ஆரம்பித்து, மூன்றாவது ஆள் சேர்ந்த பிறகு சொன்னால் பலன் குறைவு. ஏனென்றால், எதிரே ஒருவர் மட்டும் இருந்தபோது ஆஷின் சோதனையில் அழுத்தம் சொற்பம். மூவர் ஆனதும் அது ஏறக்குறைய உச்சத்தைத் தொட்டது. சொன்ன கையோடு பேச்சையும் வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். மறுப்புக்குப் பின் வரும் அந்த மௌனம் இருக்கிறதே, வற்புறுத்தல் உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான்.

கூப்பிடுகிறவருக்கும் வேலை உண்டு. ஒரு தடவை கேளுங்கள். தனியாகக் கேளுங்கள். கேட்கும்போதே, “வரலேன்னாலும் பரவாயில்லை, அடுத்த தடவையும் சொல்றேன்” என்று கதவைத் திறந்து வையுங்கள். சொன்னபடி அடுத்த தடவை அழைக்கவும் செய்யுங்கள். ஒரு மறுப்புக்கு விலையாக அடுத்த அழைப்பு போய்விடும் என்று தெரிந்தால் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். ‘ஏன்?’ என்று கேட்காதீர்கள். கேட்பவருக்கு அது அக்கறை. பதில் சொல்பவருக்கோ விசாரணை. காரணத்தைச் சொன்னால் உடனே அதற்குத் தீர்வு தேடக் கிளம்புவோம். “நாளைக்குத் தேர்வு” என்பார். “அரை மணி நேரத்தில் விட்டுடறோம்” என்போம். பிறகு அவர் இன்னொரு காரணம் புனைய வேண்டும். பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது யார்?

கூட்டமாக முடிவெடுக்கும்போது கைதூக்கச் சொல்லாதீர்கள். பெயர் தெரியாத சீட்டில் எழுதி வாங்குங்கள். குழுவில் செல்வாக்குள்ளவர் கடைசியில் பேசட்டும். ஆஷின் சோதனையில், மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்ல ஒருவர் மட்டும் விடையை எழுதித் தந்தபோது கூட்டத்தின் பிடி வெகுவாகத் தளர்ந்தது. கைபேசிக் குழுக்களில் பெயர் தெரிகிற வாக்கெடுப்பு நடத்திவிட்டு “எல்லோருக்கும் சம்மதம்தானே” என்று மகிழ்கிறோமே, அந்தச் சம்மதத்தை நான் பாதிதான் நம்புவேன்.

“எல்லோருக்கும் பிடித்ததை ஒருவர் மறுத்தால் மற்றவர்கள் என்ன செய்வது?” என்று எதிரணித் தலைவர் கேட்டார். எல்லோருக்கும் பிடித்தது என்று யார் சொன்னது? அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடையே உளவியலாளர்கள் டெபோரா ப்ரென்டிஸ், டேல் மில்லர் இருவரும் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வளாகத்தில் நடக்கும் குடிப்பழக்கம் தனக்கு உறுத்தலாக இருக்கிறது, மற்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை என்றே மாணவர்கள் சராசரியாக எண்ணியிருந்தார்கள். ஒருவர் சங்கடத்தை இன்னொருவர் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட கூட்டத்தில் முதலில் ‘வேண்டாம்’ என்பவர் விருந்தைக் கெடுக்கவில்லை. தயங்கிக்கொண்டிருந்த நாலு பேருக்கும் சேர்த்துத்தான் பேசியிருக்கிறார். அவரை மடக்கினால் அந்த நாலு பேரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

மறுப்பவர் எதுவும் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகுமுன்பே முடிவெடுக்கலாம், ஒரு நண்பரிடம் முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம், கேட்கும்போதெல்லாம் அதே வாக்கியத்தை மாற்றாமல் சொல்லலாம், எழுந்து வரலாம். எல்லாம் உதவும். ஆனால் வளரிளம் பருவத்தில் இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. 2011-இல் வெளியான ஒரு மூளை ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டை ஆடிய பதின்பருவத்தினர், நண்பர்கள் அடுத்த அறையில் தங்களைப் பார்க்கிறார்கள் என்றபோது தனியாக ஆடியதைவிடக் கூடுதல் ஆபத்தை எடுத்தார்கள். வெகுமதியை எதிர்பார்க்கும் மூளைப் பகுதிகளும் கூடுதலாகத் துடித்தன. வயதுவந்தவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. நண்பர் இருப்பதே அழுத்தமாகிற வயதில், “உன் பாடு, நீயே சமாளி” என்று ஒதுங்க முடியுமா?

கடைசியாக எதிரணி வீசிய கேள்வி: “குடித்துவிட்டு வண்டியை எடுக்கிறவனின் விருப்பத்தையும் மதிப்பீர்களா?” மாட்டோம். சாவியை வாங்கிக்கொள்வோம், திட்டு வாங்கிக்கொண்டே வீட்டில் கொண்டுபோய் விடுவோம். அவன் எடுத்த முடிவின் விலையைச் சாலையில் போகிற யாரோ கொடுக்க நேரும் என்பதால். ஆனால் ஒருவர் குடிக்க மறுப்பதும், ஊர் சுற்ற வராததும், வேறு பாடம் படிப்பதும், சீக்கிரம் தூங்கப் போவதும் யார் உயிரைக் குடிக்கின்றன? சாவியைப் பிடுங்கும் அதிகாரத்தை அங்கெல்லாம் கொண்டுபோகிறார்களே, அதற்கு மட்டும் எதிரணி பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.