மொட்டைமாடிக்குக் கீழே ஒரு படுக்கையறை

வணக்கம் நேயர்களே. கோடையில் தூக்கம் வரவில்லை என்றால் மெத்தையைக் குறை சொல்கிறோம், தலையணையை மாற்றுகிறோம். கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். உங்கள் கட்டிலுக்கு மேலே இருப்பது இன்னொரு வீடா, மொட்டைமாடியா?

தூக்கம் பிடிக்கும் நேரத்தில் உடம்பின் உட்சூடு சற்றே இறங்க வேண்டும். அந்தச் சூடு தோல் வழியாகத்தான் வெளியேறும். அறையே அனலாக இருந்தால் எங்கே போகும்? கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இருட்டிய பிறகு கீழே விடுகிறது. அடுப்பை அணைத்தாலும் தோசைக்கல் சுடுகிற மாதிரி. ஃபேனை ஐந்தில் வைத்தால்? ஃபேன் அறையைக் குளிரவைப்பதில்லை. உங்கள் வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான். ஆகவே வைத்தியத்தை மாடியில் தொடங்குங்கள்.

சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கத்திரி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மாசியிலேயே அடித்துவிடுங்கள். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர். அதில் கற்சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, கையுறை இல்லாமல் இறங்காதீர்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், சூட்டில் இளகிவிடும். ஒரு ராத்திரி ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரையுங்கள்.

"போன வருஷம் அடிச்சோம், ஒரே மாசத்துல மாவா உதிர்ந்துடுச்சு" என்பார்கள். உச்சி வெயிலில், காய்ந்த தரையில் அடித்திருப்பார்கள். காற்றோடு சேர்ந்து கெட்டிப்படச் சுண்ணாம்புக்கு ஈரம் வேண்டும்; சூட்டில் சட்டென்று காய்ந்தால் பொடிதான் மிஞ்சும். தரையைப் பெருக்கிக் கழுவி, ஈரம் இருக்கும்போதே சாயங்காலம் அடியுங்கள். முதல் பூச்சு நீளவாக்கில், மறுநாள் இரண்டாவது பூச்சு குறுக்குவாக்கில். மழைக்குக் கரையும், வருஷா வருஷம் அடிக்கத்தான் வேண்டும். சொன்னதையே சொல்கிறேன்: ஈரத்தரை, சாயங்காலம், இரண்டு பூச்சு.

அடுத்து ஜன்னல். காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி. ஒரு ஜன்னல்தான் என்றால் எதிர்க்கதவைத் திறந்து வையுங்கள். பகலில் சாத்தித் திரை போட்டு, வெளியே தணிந்த பிறகு திறப்பதுதான் முறை. பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். கொசுவலை அடித்த ஜன்னலில் காற்றே வரவில்லையா? வலைக்கண்ணில் தூசி அடைத்திருக்கும், தேய்த்துக் கழுவுங்கள். மேற்குச் சுவரை ஒட்டிக் கட்டில் போடாதீர்கள், அதுவும் ராத்திரி சூடு விடும்.

ஃபேன் வேகம் குறைந்துவிட்டதா? மோட்டார் போய்விட்டது என்று புதிது வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் மோட்டாரைச் சுழலவைக்க உதவும் கண்டன்சர் என்ற சின்ன டப்பாதான். 48 அங்குல ஃபேன்களில் அதன் அளவு வழக்கமாக 2.5 மைக்ரோஃபாரட். பழையதில் அச்சிட்ட அதே அளவை எலெக்ட்ரீசியனை விட்டு மாற்றச் சொல்லுங்கள். பெரிதாகப் போட்டால் மோட்டார் சூடாகும்.

ஏசி வைத்திருப்பவர்களுக்கு: 18 வேண்டாம். 26-இல் வைத்து ஃபேனையும் மெதுவாகச் சுழலவிட்டால் போதும். 2020 முதல் நட்சத்திரக் குறியீட்டு ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

நேரமாகிவிட்டது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். விளக்கு வெளிச்சம், மெத்தை எல்லாம் சொல்ல நினைத்தேன், ஒன்று மட்டும். இலவம்பஞ்சுத் தலையணையைத் தண்ணீரில் நனைக்காதீர்கள், பஞ்சு கட்டி கட்டியாகிவிடும். உறையை மட்டும் துவைத்து, தலையணையை நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுக் காயவைத்துத் தட்டுங்கள். வணக்கம்.