கைபட்டு விளங்கும் உணவு அறிவியல்

நேயர்களுக்கு வணக்கம். உணவின் அறிவியலைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்ற கேள்விக்கு நான் நேரில் கண்டவற்றுள் மிகச் சிறந்த விடை, ஜப்பானில் ஒசாகாவை அடுத்த இக்கேடா நகரில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு உடனடி ராமென் (ஜப்பானியர் சாற்றோடு உண்ணும் நூடுல்ஸ்) அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட அந்த இடம், இன்று கப் நூடுல்ஸ் அருங்காட்சியகம் என்று வழங்குகிறது. அந்நாட்டுக்குச் சென்றிருந்தபோது மனைவி, மகள், மகன் ஆகியோருடன் அங்கே ஒரு பகற்பொழுதைக் கழித்தேன்.

உள்ளே நுழைந்ததும் ஒரு மரக்குடிலின் மாதிரியைக் காணலாம். தாம் தலைமை வகித்த கடன் சங்கம் நொடித்து, வீட்டைத் தவிர எல்லாவற்றையும் இழந்த மோமோஃபுக்கு ஆண்டோ என்பவர், இத்தகைய குடிலைத் தம் வீட்டுக் கொல்லையில் கட்டிக்கொண்டு ஏறத்தாழ ஓராண்டு முயன்று, 1958 ஆகஸ்டில் உலகின் முதல் உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 48. குடிலில் இருந்தவை வாணலி, பழைய நூடுல்ஸ் பிழியும் இயந்திரம் போன்ற எளிய பொருள்களே. வேகவைத்த இழைகளின்மேல் சாற்றைச் சீராகத் தெளிக்க அவர் பயன்படுத்தியது, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளி. அதைக் கேட்டபின் என் மகன் குடிலை விட்டு நகர மறுத்தான்.

முன்பதிவு செய்தவர்களுக்கு மாடியில் ஒரு பயிற்சிக்கூடம் உண்டு. கோழிக்குஞ்சுப் படம் போட்ட துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, கோதுமை மாவைக் காரநீர் விட்டுப் பிசைவதிலிருந்து எல்லாவற்றையும் பார்வையாளர்களே செய்ய வேண்டும். சோடியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள் கலந்த அந்த நீர்தான் ராமெனுக்கு மஞ்சள் நிறத்தையும் மெல்லும்போது தெரியும் விறைப்பையும் தருகிறது. பிசைந்த மாவை உருளைகளுக்கிடையே செலுத்தி, மடித்து, மறுபடியும் செலுத்துகிறார்கள். முதலில் ஓரமெல்லாம் கிழிந்து சொரசொரப்பாக வந்த தகடு, மடிக்க மடிக்க வழவழப்பாகித் துணிபோல் தொங்கத் தொடங்கியபோது, மாவின் புரதம் பின்னலாக இணைவதை என் மகள் விரல்களாலேயே அறிந்துகொண்டாள். எத்தனை பாடப்புத்தகங்கள் அந்தப் பின்னலைக் குளூட்டன் என்று எழுதினாலும் இந்த அறிவுக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

இழைகளாக வெட்டியதை ஆவியில் வேகவைத்துச் சாற்றில் பிரட்டியபின், சூடான எண்ணெயில் பொரிப்பதைப் பணியாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இழையின் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளியேறுகிறது. அது வெளியேறிய வழிகளெல்லாம் நுண்ணிய துளைகளாக நின்றுவிடுகின்றன. நீர் இல்லாததால் நூடுல்ஸ் நெடுநாள் கெடுவதில்லை. துளைகள் இருப்பதால் வெந்நீர் ஊற்றிய சில நிமிடங்களில் அது மீண்டும் மென்மையாகிறது. எண்ணெயில் பொங்கிய குமிழிகள் மெல்ல மெல்ல அடங்குவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு நீர் தீர்ந்துவிட்டது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. (சைவ உணவுக்காரர்கள் இங்கே செய்து மட்டும் பார்க்கலாம், சாறு கோழிச் சாறு.)

கீழ்த்தளத்தில், 1971இல் வெளிவந்த கப் நூடுல்ஸை நாமே நிரப்பிக்கொள்ளும் கூடம் இருக்கிறது. வெற்றுக் கோப்பையின்மேல் படம் வரைந்து கொடுத்தால், அதைத் தலைகீழாக நூடுல்ஸின்மேல் கவிழ்த்து, கைப்பிடியைச் சுழற்றச் சொல்கிறார்கள். கோப்பை நிமிர்ந்து நிற்கும்போது நூடுல்ஸ் அடியில் விழாமல் நடுவில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நூடுல்ஸைக் கோப்பைக்குள் போடுவதற்குப் பதிலாகக் கோப்பையை நூடுல்ஸின்மேல் கவிழ்க்கலாம் என்பதே ஆண்டோவுக்குத் தோன்றிய வழி. இவ்வாறு நடுவில் நிற்பதால் பயணத்தில் நூடுல்ஸ் நொறுங்குவதில்லை. அடியிலுள்ள வெற்றிடத்தில் தங்கும் வெந்நீர் கீழிருந்தும் அதை வேகவைக்கிறது.

சாறு 4 வகை, மேலே தூவும் பொருள்கள் 12 வகை. அவற்றில் நான்கு தேர்ந்துகொள்ளலாம். மொத்தம் 5,460 சேர்க்கைகள் என்கிறார்கள். பள்ளியில் சேர்மானக் கணக்கு படித்துக்கொண்டிருந்த என் மகள், 12இல் 4 என்று போட்டால் 495 தானே வருகிறது, நான்கால் பெருக்கினாலும் 1,980 தானே என்று தயங்கினாள். ஒரே பொருளை இரண்டு முறையோ நான்கு முறையோ கேட்கலாம் என்பதைச் சேர்த்துக்கொண்டதும் 1,365 வந்தது. அதன் நான்கு மடங்கு 5,460. ரயிலில் திரும்பும் வழியெல்லாம் அவள் அதையே தம்பிக்கு விளக்கிக்கொண்டு வந்தாள்.

நம் தஞ்சாவூரிலும் 2021 முதல் ஓர் உணவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1965இல் அதே ஊரில் பிறந்த இந்திய உணவுக் கழகம் அமைத்தது. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்துப் புழுங்கலரிசியாக்கும் முறையைப் பிள்ளைகள் தம் கையால் செய்து பார்க்க அங்கே ஒரு கூடம் அமைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அவிக்கும்போது அரிசியின் மாவுப்பொருள் கூழ்ப்பதமாகி இறுகுவதையும், தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குவதையும் அங்கேயே விளக்கலாம். ஓர் அண்டா, ஓர் அடுப்பு, பக்கத்தில் நின்று சொல்லித்தரப் பொறுமையுள்ள ஒருவர் இருந்தால் தொடங்கிவிடலாம். இந்த வேண்டுகோளை அருங்காட்சியகத்தார் முன் வைக்கிறேன். வணக்கம்.