பேட்டரி இல்லாத காற்றாலை: எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் செய்தது

வணக்கம் மக்களே! எல்லாரும் நலமா? பின்னால் ஒரு இரைச்சல் கேட்கும். பணகுடிப் பக்கம் இந்த மாதங்களில் காற்று இப்படித்தான் அடிக்கும். மைக்கில் துணி சுற்றித்தான் பேசுகிறேன்.

எங்கள் ஐந்தாம் வகுப்பு செய்த காற்றாலை ப்ராஜெக்ட்டைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். அதற்கு முன்னால், நெடுநாளாக மனதில் இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அறிவியல் கண்காட்சியில் வைக்கிற காற்றாலையைப் பார்த்திருப்பீர்கள். தெர்மாகோல் பலகை, பச்சைத் தாளில் புல், நடுவில் வெள்ளைக் கம்பம், மேலே மூன்று இறக்கை. பின்பக்கம் ஒரு பேட்டரி ஒளிந்திருக்கும், சுவிட்சைத் தட்டினால் இறக்கை சுற்றும். அது காற்றாலை இல்லை மக்களே, மின்விசிறி! மின்சாரத்தைக் கொடுத்துக் காற்றை வாங்குகிறோம். காற்றாலையில் நடப்பது அதற்கு நேர் எதிர். அதைச் செய்துவைத்து, பரிசும் கொடுத்து அனுப்பினால் அந்தப் பிள்ளை மனதில் என்ன பதியும்?

அதனால் எங்கள் வகுப்பில் இரண்டே விதி வைத்தோம். இறக்கையைக் காற்றுதான் சுற்ற வேண்டும், சுற்றினால் ஏதாவது ஒரு வேலை நடக்க வேண்டும். அடுத்தது, கடையில் எதையும் வாங்கக் கூடாது.

இதோ பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். நடுவில் இருக்கிற இந்த வட்டம் பழைய ரப்பர் செருப்பில் வெட்டியது. செருப்பில் வண்டிச் சக்கரம் செய்து ஓட்டிய கைகள்தானே, இதை வெட்ட அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வட்டத்தின் ஓரத்தில் கீறல் போட்டு ஐஸ் குச்சிகளைச் செருகியிருக்கிறார்கள். குச்சியில் பழைய நோட்டு அட்டை. நடுவில் சைக்கிள் ஸ்போக் கம்பி, அது சுற்றுவதற்கு ஒரு பேனாக் குழாய். கம்பியின் மறுமுனையில் நூல், நூலில் ஒரு பேப்பர் கப். கப்புக்குள் புளியங்கொட்டை. எத்தனை கொட்டையைத் தூக்குகிறதோ அதுதான் மதிப்பெண்.

செருப்பு ரப்பரில் இன்னொரு வசதியும் உண்டு. குச்சியைப் பிடித்து லேசாகத் திருகினால் இறக்கையின் சாய்வு மாறும், விட்டால் அப்படியே நிற்கும். முதலில் எல்லாக் குழுவும் அட்டையைக் காற்றுக்கு நேராக, தட்டையாகத்தான் வைத்தார்கள். டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்தும் அசையவில்லை. (ஃபேனின் கம்பி வலையை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்.) அப்புறம் ஒரு பையன் போய்ப் பனை ஓலைக் காற்றாடி ஒன்றைச் செய்துகொண்டு வந்தான், கருவேல முள் குத்தியது. அந்த ஓலை ஏன் சுற்றுகிறது என்று எல்லாரும் உற்றுப் பார்த்தார்கள். ஓலை முறுகியிருக்கிறது! உடனே எல்லாரும் குச்சியைத் திருகினார்கள். கொஞ்சம் திருகியதும் இறக்கைகள் சுற்ற ஆரம்பித்தன, ரொம்பத் திருகினால் மறுபடி நின்றுபோயின. எந்தச் சாய்வில் அதிகக் கொட்டை ஏறுகிறது என்று கோணமானியை வைத்து அளந்து எழுதினார்கள். நான் கேட்காமலே ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றினார்கள். சாய்வை மாற்றும்போது இறக்கையின் நீளத்தைத் தொடவில்லை. பொறியியல் இங்கேதான் ஆரம்பிக்கிறது என்பேன்.

அடுத்து இறக்கை எத்தனை என்ற சண்டை வந்தது. இரண்டு வைத்த குழுவின் காற்றாலை நன்றாகக் கிளம்பிப் பறந்தது. கப்பைக் கட்டினதும் முக்கி முக்கி நின்றுவிட்டது. எட்டு வைத்த குழுவுடையது மெதுவாகத்தான் சுற்றியது, ஆனால் கப் நிறையக் கொட்டையை அலட்டிக்கொள்ளாமல் தூக்கியது. ஆரோவில் பக்கம் போனவர்கள் நிறைய இறக்கை வைத்துத் தண்ணீர் இறைக்கிற காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கணக்குதான், எடையை இழுக்க நிறைய இறக்கை உதவும்.

உடனே ஒரு பிள்ளை ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். "அப்போ அங்க நிக்கிறதுக்கு மட்டும் ஏன் டீச்சர் மூணு?" வள்ளியூரிலிருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் பெரிய காற்றாலைகளைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள், கேட்கத்தானே செய்வார்கள்!

இந்தக் கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே சோதித்துப் பார்த்தவர் ஒரு ஆசிரியர்தான். டென்மார்க்கில் ஆஸ்கோவ் என்ற ஊரின் பள்ளியில் பாடம் நடத்திய போல் லா கூர். 1891-ல் அங்கேயே மின்சாரம் எடுக்கிற காற்றாலை ஒன்றைக் கட்டினார். சின்ன இறக்கைகளைச் செய்து, குழாய்க்குள் காற்றை ஊதிச் சோதித்துப் பார்த்தார். மின்சாரம் எடுப்பதற்கு, குறைந்த இறக்கைகளோடு வேகமாகச் சுற்றுவதே நல்லது என்று கண்டார். அவரிடம் படித்த யோகன்னஸ் யூல் என்பவர் 1957-ல் கெட்ஸர் என்ற இடத்தில் 200 கிலோவாட் காற்றாலையை நிறுவினார். அதற்கு மூன்று இறக்கை. இன்றைக்கு ஆரல்வாய்மொழிப் பக்கத்து முப்பந்தலில் நிற்பவை அந்த வழியில் வந்தவைதான். இரண்டு இறக்கை என்றால், காற்றின் திசைக்குத் தலையைத் திருப்பும்போது கம்பத்துக்கு உலுக்கல் அதிகம். நாலாவது இறக்கை போட்டால் செலவு ஏறுகிற அளவுக்கு மின்சாரம் ஏறாது. மூன்று நிலைத்ததற்கு அதுதான் காரணம்.

ஒரு ஆசிரியர் தன் பள்ளியில் ஊதிப் பார்த்த காற்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. எனக்கும் சொல்லும்போதே சிலிர்த்தது, மறைக்க மாட்டேன்.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். பொம்மைக் காரில் இருக்கிற சின்ன மோட்டாரை இறக்கையால் சுற்றினால் அது மின்சாரம் கொடுக்கும். ஆனால் அது வேகமாகச் சுற்றினால்தான் வோல்ட் வரும். டேபிள் ஃபேன் காற்றுக்கு அரை வோல்ட், முக்கால் வோல்ட் என்று நிற்கும். சிவப்பு எல்இடி எரியவே ஏறக்குறைய 2 வோல்ட் வேண்டும். இங்கேதான் நிறைய ஆசிரியர்கள் சலித்துப்போய் பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எல்இடியை விட்டுவிட்டு மல்டிமீட்டரில் வோல்ட்டைப் படிக்கச் சொல்லுங்கள், எண் ஏறுவதைப் பார்ப்பதிலேயே பிள்ளைகளுக்கு அத்தனை சந்தோஷம். இன்னொன்று, கெட்டுப்போன பிரிண்டரைக் கழற்றினால் உள்ளே ஒரு டிசி மோட்டார் இருக்கும். அது மெதுவாகச் சுற்றினாலே கூடுதல் வோல்ட் தரும். அதில்தான் எங்களுக்கு எல்இடி எரிந்தது. அந்தக் கூச்சலைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது.

காற்றின் வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வேகம் இரண்டு மடங்கு ஆனால் காற்றிலிருந்து கிடைக்கிற ஆற்றல் எட்டு மடங்கு. சாக்பீஸ் டப்பாக்களை நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, உயரத்தில் இரண்டு என்று அடுக்கிக் காட்டினேன், உடனே பிடித்துக்கொண்டார்கள். எல்லா ஊரையும் விட்டுவிட்டு ஆரல்வாய்மொழியில் ஏன் இத்தனை காற்றாலை என்பதும் அதோடு புரிந்துவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, அந்தக் கணவாய் இடுக்கு வழியாக நெருக்கிக்கொண்டு வரும்போது வேகம் கூடுகிறது. செங்கோட்டையிலும் கம்பத்திலும் பாலக்காட்டுக் கணவாயிலும் இதே கதைதான். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்பதற்கு இந்த மலை இடுக்குகள் முக்கியமான காரணம்.

அப்புறம் மைதானத்துக்குப் போனோம். இப்போது வருகிற 2 மெகாவாட் இயந்திரங்களில் ஒரு இறக்கையே 50 மீட்டருக்கு மேல். கொடிக்கம்பத்தில் நூலைக் கட்டி அளந்துகொண்டே போனார்கள். மைதானம் முடிந்துவிட்டது, கேட் வந்துவிட்டது, இறக்கை இன்னும் முடியவில்லை! டென்மார்க்கிலேயே ட்விண்ட் என்ற இடத்தில், ஒரு பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 1975-ல் வேலையைத் தொடங்கி 1978-ல் ஒரு பெரிய காற்றாலையையே கட்டி ஓட்டினார்கள். அதன் இறக்கைகள் சுற்றுகிற வட்டத்தின் விட்டம் 54 மீட்டர். இறக்கைகளையும் அவர்களே வார்த்தார்கள். எங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டதிலிருந்து மைதானத்தையே ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

கடைசிப் பகுதிதான் எனக்கு ரொம்ப முக்கியம். ப்ராஜெக்ட் முடிந்த அன்று, செய்ததை எல்லாம் கழற்றி அட்டை, மரம், இரும்பு, ரப்பர் என்று தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னேன். நூலும் ரப்பர் பேண்டும் போட்டுக் கட்டிய குழுக்கள் சீக்கிரமே பிரித்து வைத்துவிட்டார்கள். ஒரு குழு மட்டும் உறுதியாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டியிருந்தது. பிரிக்கவே முடியவில்லை. அட்டை கிழிந்தது, குச்சி உடைந்தது, மிஞ்சியது எதற்கும் ஆகாத ஒரு கட்டி.

நிஜக் காற்றாலை இறக்கைக்கும் இதே பிரச்சினைதான். கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து வார்க்கிறார்கள். இருபது, இருபத்தைந்து வருஷம் மழையிலும் வெயிலிலும் தாங்க வேண்டும் என்பதற்காக அவ்வளவு உறுதி. ஆயுள் முடிந்த பிறகு இழையையும் பிசினையும் பிரிப்பது பெரும்பாடு. 1990-களில் முப்பந்தலில் நட்டவை இப்போது அந்த வயதை எட்டிவிட்டன. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நிறுவுவதற்கு 2024-ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்திருக்கிறது. கழற்றுகிற இறக்கைகள் எங்கே போகும் என்ற கேள்வி நம் வாசலுக்கு வந்தாகிவிட்டது. அமிலக் கரைசலில் போட்டால் இழை தனியாக, பிசின் தனியாகப் பிரிகிற இறக்கையை 2021-ல் சீமென்ஸ் கமேசா நிறுவனம் அறிவித்தது. 2022-ல் ஜெர்மனியின் காஸ்காசி கடல் காற்றாலையில் பொருத்தியும் விட்டார்கள். பசை ஒட்டிய குழுவில் இருந்தவன்தான் இதைக் கேட்டதும் முதலில் எழுந்தான். "செய்றதுக்கு முன்னாடியே எப்படிப் பிரிக்கிறதுன்னு யோசிக்கணும் டீச்சர்."

பறவைகளைப் பற்றியும் கேட்டார்கள். நார்வேயின் ஸ்மோலா தீவில் நாலு காற்றாலைகளில் ஒரு இறக்கைக்கு மட்டும் கறுப்பு பெயின்ட் அடித்துப் பார்த்தார்கள். பறவைகள் அடிபட்டுச் சாவது சுமார் 70 சதவீதம் குறைந்ததாக 2020-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அன்றைக்கே இரண்டு குழு ஒரு இறக்கையைக் கரியால் பூசிவிட்டன.

அடுத்து இதே இறக்கைகளை மொட்டை மாடியில், நிஜக் காற்றில் வைத்துப் பார்க்கப்போகிறோம். திசை மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பின்னால் வால் வைக்க வேண்டும். வால் எவ்வளவு பெரிதாக இருக்கணும் என்று இப்போதே வாதம் நடக்கிறது. உங்கள் வீட்டிலோ கடையிலோ கெட்டுப்போன பிரிண்டர் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், பக்கத்தில் இருக்கிற தொடக்கப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். மோட்டாரை எப்படிக் கழற்றுவது என்று அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். வரட்டுமா!